மைதானத்து ஊழியம்: பெங்களூரில் பெற்றோரும் கோச்சுகளும் கேட்கும் கேள்விகள்

ஹலசூர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் பக்கத்து மைதானங்களுக்கு விடியற்காலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடும் அவர்களுடைய கோச்சுகளோடும் நாங்கள் ஏழெட்டுப் பேர் பதினோரு வருடமாகப் பழகி வருகிறோம். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று கலந்த கிறிஸ்தவக் கூட்டம். வீட்டில் பெரும்பாலும் தமிழ். கேட்டருகே நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேயாக இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். 'நான்' என்று வருகிற இடமெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். குழுவில் எல்லாரும் அதற்குத் தலையாட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

படிக்கட்டில் உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள்?

புதனும் சனியும் கூடுகிறோம். பயிற்சி 5.45க்கு ஆரம்பித்து 7.15க்கு முடியும். அதன் பிறகு கேலரிப் படிக்கட்டில் இருபது நிமிடம். சுவிசேஷத்திலிருந்து ஒரு சின்னப் பகுதியை யாராவது ஒரு பிள்ளை வாசிக்கும். அதைப் பற்றி இரண்டு கேள்வி, கொஞ்சம் பேச்சு, ஜெபம். பாட்டு கிடையாது, வாக்கிங் வருகிறவர்களுக்கும் காது இருக்கிறது. 7.40க்கு ஸ்கூல் பஸ் என்பதால் பிரசங்கம் நீளவும் வழியில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு சுற்றி வரும். ஜெபிக்க வேண்டியதைப் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். போன மாதப் பக்கம் ஒன்றில் இருந்தவை: 'ஷின் வலி', 'கெமிஸ்ட்ரி', 'அப்பா குடிக்கக் கூடாது', 'ஸ்பைக்ஸ் சின்னதாயிடுச்சு', மறுபடியும் 'கெமிஸ்ட்ரி'. ஷின் வலி என்று எழுதினவனுக்காக ஜெபித்துவிட்டு, இந்த வாரம் எத்தனை நாள் சிமென்ட் ரோட்டில் ஓடினாய் என்று கேட்பதும் ஊழியத்தில் சேர்த்திதான்.

கோச்சிங்கும் தருவீர்களா?

இல்லை. அது கோச்சின் வேலை. அவர் சொல்லிக்கொடுத்ததற்கு மேல் நாங்கள் ஒரு வார்த்தை டெக்னிக் பேசினால் அன்றோடு மரியாதை போய்விடும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பையனை மதம் மாற்றிவிடுவீர்களா?

நியாயமான கேள்வி. முதல் கேள்வியாகவே இதைக் கேட்கிற பெற்றோரை எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் பேசுவது இயேசுவைப் பற்றி. அதை 'ஒழுக்கப் பாடம்', 'மோட்டிவேஷன் கிளாஸ்' என்று வேறு பெயரில் சுற்றிக் கொடுப்பதில்லை. அதே சமயம், 18 வயதுக்குக் கீழ் உள்ள எந்தப் பிள்ளையும் அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து சரி என்று சொல்லாமல் படிக்கட்டில் உட்காரக் கூடாது. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையங்களில், மைனர் பிள்ளையை மத போதனையில் உட்காரவைக்கக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது 28ஆவது பிரிவு. மைதானம் பள்ளிக்கூடம் இல்லைதான். இருந்தாலும் அந்த அளவுகோலையே நாங்கள் வைத்துக்கொண்டோம்.

ஷூ, ஸ்பைக்ஸ், ஹாக்கி ஸ்டிக் வாங்கிக் கொடுப்பதுண்டு. அது கோச் கையில் போகும். யாருக்குத் தேவை என்று அவர் பார்த்துக் கொடுப்பார். வாங்கியது யார் என்று பிள்ளைக்குத் தெரியாது. படிக்கட்டுக்கு வருகிறவனா, வராதவனா என்பதும் கணக்கில்லை.

இதில் நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன். ஆறு வருடம் முன்பு ஒரு ஃபைனலுக்கு முன்னால் பையன்கள் வட்டமாகத் தோள் சேர்த்து நின்றபோது, உணர்ச்சிவசப்பட்டு உரக்க ஜெபித்துவிட்டேன். வட்டத்தில் இந்துப் பையன்கள், முஸ்லிம் பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். மேட்ச் முடிந்ததும் ஒரு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, என் பையன் அந்த இடத்தை விட்டு எப்படி நகர்ந்திருப்பான்? நகர்ந்தா டீமை விட்டுப் போன மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். பதில் சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்து டீம் வட்டத்துக்குள் ஜெபம் இல்லை. அந்தப் பையன் இப்போதும் என்னைப் பார்த்தால் கை காட்டுவான். படிக்கட்டுக்கு வந்ததே இல்லை.

வெளிநாட்டுப் பணமா?

இல்லை. வாழைப்பழம், நோட்டு, வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஜோடி ஷூ: எல்லாம் எங்கள் சம்பளத்திலிருந்தும் இரண்டு சபைகளின் காணிக்கையிலிருந்தும்.

அமெரிக்காவில் டான் மெக்லானன் என்ற பாஸ்கெட்பால் கோச் 1954இல் ஆரம்பித்த ஃபெல்லோஷிப் ஆஃப் கிறிஸ்டியன் அத்லெட்ஸ் போன்ற அமைப்புகளைப் பார்த்துக் கற்றது உண்டு. ஆனால் நாங்கள் எதன் கிளையும் இல்லை. பெயர் பெற்ற வீரர்களைப் பேசவைத்தால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பது மெக்லானனுடைய யோசனை. நல்ல யோசனைதான். எங்கள் மைதானத்தில் அது ஒத்துவரவில்லை. இரண்டு முறை மாநில அளவு வீரர்களைக் கூட்டி வந்து சாட்சி சொல்லவைத்தோம். பிள்ளைகள் கைதட்டினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அடுத்த வாரம் ஒருத்தி கேட்டாள்: "ஜெயிச்சவங்களை மட்டும்தான் கூப்பிடுவீங்களா?"

பைபிளுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: பந்தயச்சாலை, ஓட்டம், குத்துச்சண்டை, இச்சையடக்கம் எல்லாம் வரும். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். ஜெயித்தவன் தலையில் வைத்தது பைன் இலையிலோ செலரிக் கீரையிலோ கட்டிய வளையம். 'அழிவுள்ள கிரீடம்' என்று பவுல் எழுதியபோது அந்த ஊர்க்காரர்களுக்குக் கண்ணெதிரே வாடின கீரை வந்திருக்கும்.

சமீப காலத்துக்கு வந்தால், பாஸ்கெட்பால் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்தது. வாலிபால் 1895இல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கண்டுபிடித்தது. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கினார். நம் ஊர் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அந்த பக் தான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வந்தால்?

வருடத்தில் பாதி சண்டை இதில்தான். லீக் மேட்ச் ஞாயிறு, டிரையல்ஸ் ஞாயிறு, ஆராதனையும் ஞாயிறு. பாட்டி ஒரு பக்கம், கோச் ஒரு பக்கம், நடுவில் ஷின் கார்டு மாட்டிக்கொண்டு ஒரு பன்னிரண்டு வயசு.

உடனே எல்லாரும் எடுப்பது எரிக் லிடலின் கதை. அதே 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஹீட்ஸ் (முதல் சுற்று ஓட்டம்) ஞாயிறன்று வந்ததால் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கின ஸ்காட்லாந்துக்காரர். கதை உண்மை. ஆனால் சண்டே ஸ்கூலில் அதோடு நிறுத்திவிடுகிறோம். லிடல் பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்ஸியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகள் ஞாயிறன்று ஆள் மேற்பார்வை இல்லாமல் ஹாக்கி ஆடி அடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு, ஞாயிறு ஓட மறுத்த அதே மனிதர் ஞாயிறன்று விசில் எடுத்துக்கொண்டு ரெஃப்ரியாகப் போனார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்தார். என்னைக் கேட்டால் ஒலிம்பிக் முடிவைவிட இந்த முடிவு கஷ்டமானது.

அதனால் நாங்கள் சட்டம் போடுவதில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது. ஞாயிறு கடமை அதிலேயே நிறைவேறும். சி.எஸ்.ஐ. பிள்ளைகளில் சிலர் காலை முதல் ஆராதனைக்கு ஜெர்சி மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டு அப்படியே ஓடுவார்கள். எதுவும் முடியாத வாரம் வரும். வரட்டும். மூன்று மாதம் தொடர்ந்து முடியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பேசச் சொல்கிறோம். பிள்ளையும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் டிரையல்ஸை விட்டது. இன்னொன்று சபையின் பாடகர் குழுவை விட்டது. இரண்டு பேரையும் நாங்கள் குறை சொல்லவில்லை.

ஜெபம் பண்ணினால் ஜெயிப்பார்களா?

எதிர் டீமிலும் ஜெபிக்கிறார்களே.

'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று பிள்ளைகள் மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவார்கள். பிலிப்பியர் 4ஆம் அதிகாரம். அதற்கு முந்தின வசனத்தையும் வாசிக்கச் சொல்வேன். சிறையிலிருந்து எழுதுகிறார் பவுல். திருப்தியாக இருக்கவும் பட்டினியாக இருக்கவும் பழகிவிட்டேன் என்கிறார். கோல் போடுவதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அந்த வசனம் அதிகம் பொருந்தும்.

2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ரன் எடுத்து அவுட்டாகாமல் நின்ற ஜெமிமா ரோட்ரிக்ஸ் முதலில் இயேசுவுக்கு நன்றி சொன்னார். அந்த வீடியோ எல்லா சபை வாட்ஸாப் குரூப்பிலும் ஓடியது. அதே நாள், அந்தத் தொடரில் பதற்றத்தால் கிட்டத்தட்ட தினமும் அழுததாகவும், நடுவில் டீமிலிருந்து நீக்கப்பட்டதாகவும் அவரே சொன்னார். அந்தப் பகுதியை ஃபார்வர்ட் பண்ணினவர்கள் குறைவு. நாங்கள் அதைத்தான் படிக்கட்டில் போட்டுக் காட்டினோம்.

செலக்‌ஷனில் பெயர் வராத பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?

முதல் நாள், ஒன்றும் சொல்ல மாட்டோம்.

முன்பெல்லாம் லிஸ்டை ஆபீஸ் கதவில் ஒட்டுவார்கள். இப்போது ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸாப்பில் பி.டி.எஃப். வருகிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, 400 மீட்டர் ஓடுகிறவள், மறுநாள் காலை மைதானத்துக்கு வந்தாள். வழக்கம்போல வார்ம் அப் பண்ணினாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து போனை எடுத்து அந்த பி.டி.எஃபைத் திறந்தாள். விரலால் கீழே தள்ளினாள், மேலே வந்தாள், ஸ்பெல்லிங் தப்பாகப் போட்டிருப்பார்களோ என்று தன் பெயரை வேறு எழுத்தில் தேடினாள். ராத்திரியும் இதையேதான் செய்திருப்பாள். எங்கள் அக்கா ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் "பை டூ காபி?" என்று கேட்டார். போனார்கள். அவ்வளவுதான்.

இந்த ஊழியம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் ஞாபகம் வரும். ஜெயிக்கிற பிள்ளையைச் சுற்றி அசோசியேஷன், ஸ்கூல், சொந்தக்காரர் எல்லாரும் நிற்பார்கள். லிஸ்டில் இல்லாத பிள்ளையை வீட்டில்கூடச் சில பேர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "இவ்வளவு செலவு பண்ணினோமே" என்ற பார்வை ஒன்று வீட்டுக்குள் வந்துவிடும். மாநில டீமில் இடம் என்பது விரல் விட்டு எண்ணுகிற கணக்கு. வருகிற பிள்ளைகளில் அநேகருக்கு ஒரு நாள் அந்த லிஸ்ட் வரத்தான் போகிறது. அந்த நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் பழகி வைக்கிறோம்.

சி.டி. ஸ்டட் என்று ஒரு கிரிக்கெட்காரர் இருந்தார். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்ற பெயர் பிறந்ததே 1882 ஓவல் டெஸ்டில்தான். இங்கிலாந்து 7 ரன்னில் தோற்றது. கடைசி இன்னிங்ஸில் ஸ்டட் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மறுமுனையில் நின்றபடியே ஆட்டம் முடிந்துவிட்டது. மூன்றே வருடத்தில் மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், பிறகு 1900 முதல் ஆறு வருடம் நம் ஊட்டியில் போதகராக இருந்தார். ஓவலில் அன்று அவர் என்ன நினைத்திருப்பார் என்று பிள்ளைகளிடம் கேட்டால் நல்ல நல்ல பதில் வரும்.

கோச்சுகளுக்கு என்ன செய்கிறீர்கள்?

ஆரம்பத்தில் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகளிடம் போவதற்கு கோச்சிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிற அளவில்தான் அவரை நினைத்தோம். ஐந்து வருடம் கழித்துத்தான் புத்தி வந்தது.

காலை 4.30க்கு எழுந்து மைதானம். பகலில் ஏதாவது ஒரு ஸ்கூலில் பி.டி. பீரியட். மாலை மறுபடியும் மைதானம். பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். கோச்சிங் படிப்பு முடித்தவராக இருந்தாலும் பாதிப் பேருக்கு வருட கான்ட்ராக்ட்தான். ரிசல்ட் இல்லையென்றால் அடுத்த வருடம் வேறு ஆள். ஜெயித்தால் பையன் திறமை, தோற்றால் கோச் தப்பு. ஒரு மாஸ்டரை ராத்திரி எட்டரை மணிக்கு எக்விப்மென்ட் ரூமில் பார்த்தேன். கோன்களை அடுக்கிவிட்டு, மத்தியானம் வாங்கிய தட்டு இட்லிப் பார்சலை அப்போதுதான் பிரித்தார். சட்னி தண்ணியாகி இருந்தது. சொந்த மகனுக்கு அன்று ஸ்கூல் டே என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்.

இப்போது மாதம் முதல் திங்கள், அன்று பெரும்பாலான மைதானங்களில் பயிற்சி கம்மி என்பதால், கோச்சுகளை வீட்டுக்காரரோடும் வீட்டுக்காரியோடும் சாப்பிடக் கூப்பிடுகிறோம். பிரசங்கம் இல்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன ஜெபம். விருப்பமிருந்தால் பிறகு இரண்டு பேர் தங்கள் பாரத்தைச் சொல்வார்கள். தவறாமல் வருகிறவர்களில் இரண்டு பேர் கிறிஸ்தவர் இல்லை. பிரியாணி காரணமாக இருக்கலாம், நாங்கள் விசாரிக்கவில்லை.

அடிக்கிற கோச் விஷயமும் அங்கேதான் பேச்சுக்கு வந்தது. "என் மாஸ்டர் ஸ்டிக்காலயே அடிப்பார். அதனாலதான் நான் ஆடினேன்" என்றார் ஒருவர். இன்னொரு மூத்த கோச், "உன்னோட அடி வாங்கினவங்க எத்தனை பேர் ஆட்டத்தையே விட்டாங்க, அதையும் சொல்லு" என்றார். நாங்கள் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். கோச் சொல்லி, கோச் கேட்டார்.

எங்கள் கோச் வயதைக் குறைத்துச் சான்றிதழ் கொண்டு வரச் சொல்கிறார். எல்லாரும் செய்கிறார்களே?

செய்யாதீர்கள். ஓவர்ஏஜ் பையன் ஒருவன் ஆடினால் அந்த வயதுக்குரிய பையன் ஒருவன் வெளியே உட்காருகிறான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது நேராகவே இருக்கிறது: 'ஒருவன் மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்.' பிடிபடுவதும் இப்போது சுலபம். கிரிக்கெட் வாரியம் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து டி.டபிள்யூ.3 முறையில் எலும்பு வயது பார்க்கிறது.

ஜிம்மில் யாரோ தரும் பவுடர், மாத்திரை விஷயமும் இதே வகைதான். ஊக்கமருந்துச் சோதனையில் உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தப்பிக்க உதவாது.

ஜெபித்தால் முழங்கால் ஆறுமா?

ஜெபிப்போம். ஆர்த்தோ டாக்டரிடமும் கூட வருவோம். ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தசைநார்) கிழிந்தவனை 'விசுவாசத்தோடு ஓடு' என்று யாராவது சொன்னால், அவர் எந்த ஊழியக்காரராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்ன உத்தரவாதம்?

பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று: இப்படித் தனியாக மூடின அறையிலோ காரிலோ ராத்திரிச் சாட்டிலோ எங்கள் ஆட்கள் இருக்கவே கூடாது. கவுன்சலிங் என்றாலும் மைதானத்தில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில்தான். பெண் பிள்ளைகளிடம் அக்காமார் பேசுவார்கள். வெளியூர் டூர்னமென்டுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒரு பெண்.

2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதற்கே தண்டனை உண்டு. 'சபைப் பெயர் கெடும்', 'கோச் நல்லவர்' என்பதெல்லாம் இங்கே செல்லாது. பிள்ளைகளே கூப்பிடக் கூடிய எண் 1098. படிக்கட்டில் மாதம் ஒரு முறை அந்த எண்ணைப் பிள்ளைகளை விட்டே சொல்லவைக்கிறோம்.

கோல் போட்டதும் பனியனில் வசனம் காட்டலாமா?

ஃபுட்பாலில் கூடாது. ஆட்ட விதி 4 உடையில் மத வாசகங்களைத் தடுக்கிறது. ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் கார்டு வேறு. சிலுவைக் குறி போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. விழுந்த எதிரியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுப் போடுங்கள்.

எந்த மொழியில் பேசுவீர்கள்?

ஹலசூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த பெங்களூர்க்காரர்தான். இந்தப் பக்கத்து ஃபுட்பால் மைதானங்களில் பாதிச் சத்தம் தமிழில்தான் கேட்கும். ஆனாலும் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, இங்கிலீஷில் முடிவதுதான் இங்கே வழக்கம். வேதம் வாசிப்பது தமிழிலும் கன்னடத்திலும். தமிழ் எழுத்து தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் நிறைய; அவர்கள் கன்னட பைபிளில் வாசித்துவிட்டுத் தமிழில் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் சபை என்ன செய்யலாம்?

மேடையில் சால்வை போர்த்துவதைக் கொஞ்சம் குறைக்கலாம். மெடல் வாங்கின பிள்ளையை ஆராதனையில் எழுப்பி நிறுத்தும்போது, மெடல் வாங்காத பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. வேறொன்று வேண்டுமானால், வளாகத்தைத் திறந்து விடுங்கள்: மழைக்காலத்தில் ஸ்ட்ரெச்சிங் செய்ய ஒரு ஹால், பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு சுத்தமான அறை, பாத்ரூம் சாவி. பல மைதானங்களில் அந்தச் சாவிதான் கிடைக்காத பொருள்.

எப்படிச் சேர்வது?

ஒரு புதன்கிழமை பிள்ளையோடு நீங்களும் வாருங்கள். ஃபார்ம் கிடையாது, உங்கள் போன் நம்பரும், பிள்ளைக்கு ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருந்தால் அதுவும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் போதும். டிசம்பரில் வந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், படிக்கட்டு ஜில்லென்று இருக்கும்.